திருப்பிப் பார்த்த நாணயம்

நாணயச் சங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. யார் நாணயம் நீட்டினாலும் வலது கண்ணில் லென்ஸை வைத்து ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மூன்று வருடம் முன்பு, எழுத்து இரட்டையாக விழுந்த அபூர்வ நாணயம் என்று ஒன்றைக் கொண்டுவந்த சொந்த மச்சினனையே சபை நடுவில் விட்டுவைக்கவில்லை.

"அச்சுலயே எழுத்து ரெண்டா விழுந்திருந்தா உருண்டு நிக்கும் மாப்ள. இது அடிக்கும்போது அச்சு துள்ளி நசுக்கின தட்டை, மதிப்பே கிடையாது. இதைப் போய்த் தூக்கிட்டு வந்தியே."

எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரம் பழுது பார்க்கும் மச்சினன் அன்றோடு அக்கா வீட்டில் கை நனைப்பதை விட்டான்.

அவன் ஒரு நாள் மதியம் வாசலில் வந்து நின்றதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் நேரே மாமாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கையில் சங்க மலருக்கு அவர் எழுதிய கட்டுரை. மலருக்குப் பிழை திருத்துபவன் அவன் என்பதால் அவனிடம் வந்திருந்தது. ஒரே பெட்டியில் பத்தொன்பது இரட்டை எழுத்து நாணயங்கள், அவற்றில் ஏழில் நாணயம் அடித்த ஆலையின் குறியும் இருமுறை குத்தப்பட்டது என்று பெருமையாக எழுதியிருந்தார். அன்று மாலை அது அச்சுக்குப் போகிறது.

"ஒண்ணு கிடைச்சாலே யோகம் மாமா. பத்தொன்பதுன்னா இடிக்குது."

அவருக்குச் சுருக்கென்றது. அவன் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு நாணயத்தை லென்ஸுக்குக் கீழே வைத்தான். "நிழல் எழுத்து எந்தப் பக்கம் தெரியுது?"

"வலது."

அவன் அதே முகத்தைத் தலைகீழாகத் திருப்பினான். "இப்ப?"

"வலது" என்றவர் அப்படியே உறைந்தார். நாணயம் திரும்பினால் அதன் இரட்டிப்பும் கூடவே திரும்ப வேண்டும். ஊருக்கெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்த அரிச்சுவடி அது. லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினார். ஒற்றை எழுத்து, ஒற்றைக் குறி. இரட்டை இருந்தது அவர் கண்ணில்.

அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் போதும், பழைய சிரிப்புக்கு வட்டியும் முதலுமாக ஊரே சிரித்திருக்கும். இவனோ கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்திட்ட மாப்ள."

கட்டுரை நின்றது. கண்ணில் புரை என்றார் டாக்டர். அறுவைக்கு அழைத்துப் போனதும் அவன்தான். ஒரு சொட்டு மருந்துகூடத் தவறவில்லை. சங்கத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கண் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது அவனுடைய அந்தப் பழைய நாணயத்தை. இது நிஜ இரட்டையாக இருந்துவிடக் கூடாதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே லென்ஸை வைத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"தட்டைதான் மாப்ள."

மச்சினன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"மாமாவுக்குக் கண்ணு நல்லாயிடுச்சு அக்கா. எனக்கும் ஒரு தட்டு வை."