முதல் வார்த்தை

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த அந்தப் பெண்கள் மடத்தில் யாருமே தனியாக வாய் திறக்க மாட்டார்கள். ஒரு பிக்குணியிடம் “உன் பேர் என்ன?” என்று கேட்டால், மொத்த வகுப்பும் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லும்.

காரணம் அவர்கள் ஓதும் முறை. சூத்திரம் ஓதும்போது ஒலி நடுவில் அறுபடக் கூடாது. ஆனால் மூச்சு வாங்கியாக வேண்டுமே! அதனால் பக்கத்தில் இருப்பவள் மூச்சு இழுக்கும்போது நீ இழுக்காமல் இருக்க வேண்டும். அவள் விட்ட இடத்தை உன் குரல் அடைக்கும். நீ விடும் இடத்தை அவள் குரல். தொடக்கத்தை மட்டும் மூத்த பிக்குணி எடுத்துக்கொடுப்பார். சின்ன வயதிலிருந்தே இப்படிப் பழகிய தொண்டைக்குத் தானாக ஆரம்பிக்க வராது.

என் வகுப்பில் இருந்த ஒரு நெட்டைப் பெண்ணுக்கு இன்று நர்ஸிங் கல்லூரி நேர்காணல். வீடியோவில், ஆங்கிலத்தில். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மடத்தில் பாதிப்பேர் வயதானவர்கள். ஊசி போடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

“டீச்சர், நீங்க ஆரம்பிச்சு மட்டும் வைங்க.”

“நான் உள்ள வந்தா உனக்கு சீட்டே கிடைக்காதும்மா.”

கதவு சாத்தப்பட்டது. நடையில் மற்ற பெண்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

“என்னடி மூச்சு வாங்குது? மாடி ஏறுறியா?”

“நடக்கறேன்க்கா.”

“எங்க?”

“இங்கேருந்து அங்க. அங்கேருந்து இங்க.”

“அதுக்கு நம்ம வீட்டு ஹாலே போதுமே. எதுக்குடி ஃப்ளைட் டிக்கெட்?”

போனை அணைத்தேன்.

உள்ளே ஒரு ஆண் குரல்: “உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

நடையில் ஒரு பெண் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள். மூத்த பிக்குணி அதைக் கையால் பொத்தினார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளே போனாலும் இடம் போகும், போகாவிட்டாலும் போகும்.

“ஹலோ? கேக்குதா?”

“கேக்குது சார்,” என்றாள் நெட்டை. “நீங்க முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க. நான் கூடவே வரேன்.”

அவர் சிரித்தார். பெயர், ஊர், இரண்டு பெண் குழந்தைகள் என்று சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மூச்சு வாங்கினார். சட்டென்று அந்த இடைவெளிக்குள் இவள் நுழைந்துவிட்டாள்! மடம், கால் புண்ணோடு படுத்திருப்பவர்கள், மாத்திரை பிரித்துக்கொடுப்பது. மூச்சு தீர்ந்து நின்றபோதெல்லாம் அவர் “ம்” கொட்டினார். அந்த ஒரு “ம்” அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“ஹாஸ்டல்ல தனியா இருந்துடுவீங்களா?”

இந்தக் கேள்விக்கு நாங்கள் பயிற்சி எடுத்திருக்கவில்லை.

“இருந்து பார்த்ததில்ல சார். பக்கத்துக் கட்டில்ல ஆள் இருப்பாங்களா?”

“இருப்பாங்க.”

“அப்ப இருப்பேன்.”

“சரி, வந்து சேருங்க.”

அவள் வெளியே வந்தாள். நடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

“அப்ப நிஜமாவே போகணுமா, பெரியம்மா?”

மூத்த பிக்குணி எழுந்து தன் அங்கியை உதறிக்கொண்டார். “பின்னே? கிடைச்ச இடத்தை யார் தலையில கட்டறது? போ, துணியெல்லாம் எடுத்து வை.”