ஆயர் மாளிகையில் அடைத்த வாசல்

அடிபட்டுக் கிடந்த பூமாலையைப் பாதிரியாரின் ஜீப்பிலிருந்து இறக்கிப் பழைய கதவுப் பலகையில் கிடத்தினார்கள். சாலையின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி இரண்டாவது நாள். மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏதாவது வண்டி கிடைத்தால்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். மரத்தை வெட்டியவர்களே நான்கு பேர் வந்து பலகையைத் தூக்கினார்கள்.

தைலம்மாள் கணவனின் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். காயம் இல்லை, ரத்தம் இல்லை. ராத்திரிக்குக் களி கிண்டினால் போதும் என்றுகூட ஜீப்பில் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மலையடிவாரத்து ஆயர் மாளிகையில் அவன் கொத்தனார், அவள் சித்தாள். மாளிகையின் நூற்றாண்டு மலருக்காக, எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று பார்த்துச் சொல்லும்படி பாதிரியார் கேட்டிருந்தார். ஒரு வாரமாகப் பூமாலை பூச்சைச் சுரண்டிப் பார்த்தான். முதல் ஆயர் இருந்தது ஒற்றை மண்சுவர் அறை. செங்கல் வளைவுகள் அடுத்தவர் காலத்தவை. படிக்கட்டு வெளியே இருப்பதால் மாடி அதற்கும் பிறகு ஏற்றியது. எல்லாவற்றையும் பாதிரியார் நோட்டில் எழுதிக்கொண்டார். இன்று காலை, சுரண்டிய சுவரின் மேற்பகுதி சரிந்து அவன் வயிற்றில் விழுந்தது. கல்லை நகர்த்தியதும் தானே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

இப்போதும், கூடவே நடந்துவந்த பாதிரியாரிடம் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான்.

"செவுத்துக்குள்ள ஒரு வாசல் இருக்குது சாமி. செங்கல் வச்சி அடைச்சிருக்காங்க. மலையப் பாத்துக்கினு இருக்குது. ரோடெல்லாம் அப்புறம் வந்தது."

"பேசாம வாய்யா," என்றாள் தைலம்மாள்.

"ஏன் அடைச்சாங்க தெரியுமா? உள்ள..."

பலகையைச் சாய்த்துக் கிளைகளைத் தாண்டினார்கள். அவள் சேலை ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு வந்து மறுபடி கையைப் பிடித்தாள்.

"உள்ள இன்னாய்யா?"

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிரியார் குனிந்து அவன் கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு பலகையைத் தார்ச்சாலையில் இறக்கச் சொன்னார். தூக்கிவந்தவர்களில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தருகே கொண்டுவந்தார். தைலம்மாள் அந்தக் கையைத் தடுத்தாள்.

"இருங்க. பேசிக்கினு இருக்காரு. இன்னும் சொல்லி முடிக்கல."

சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் நிழலில் சோறு பொங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் எழுந்து வந்து பார்த்தார். திரும்பிப் போய், இரைந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைத்தார்.