விடுபட்ட ஆசோர்

2005 டிசம்பர். சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. பர்ஹத் வேலை பார்த்த அச்சகத்துக்கு ஆமத்தூர் கிறிஸ்தவ சபையின் உபதேசியார் ஜெயச்சந்திரன் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்திருந்தார். ஆபிரகாம் முதல் இயேசு வரையிலான வம்ச வரிசை, சுவரில் மாட்டும் அளவில், முந்நூறு தாள். பெயர்களைத் தன் கையாலேயே குண்டு குண்டாக எழுதித் தந்திருந்தார்.

பர்ஹத்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஒரு வரி தாளுக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். காலண்டர் வேலைகளோ தலைக்கு மேல் கிடந்தன. ஒரு பெயரை எடுத்துவிட்டால் போதும். இப்ராஹிம், இஸ்ஹாக், யாகூப், தாவூத் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட நபிமார் மேல் அவள் கை போகவில்லை. கீழே, யாரென்றே தெரியாத ஆசோரை அழித்தாள். சீசனில் இத்தனை சின்ன வேலைக்குப் புரூப் காட்டுகிற வழக்கம் இல்லை. அப்படியே அச்சேறிவிட்டது.

அடுத்த வாரம் உபதேசியார் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பிள்ளைகளை வேதாகமத்தோட ஒப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். ஆசோரைக் காணோமேன்னு ஒருத்தி கேக்கா."

முதலாளி கனகசபாபதி நிமிரவேயில்லை. "நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் அடிச்சிருப்பாக ஐயா. ஏம்மா பர்ஹத், அப்படித்தானே?"

ஆசோர் பெயரோடு உபதேசியார் எழுதித் தந்த காகிதம் அவள் மேசை இழுப்பறையில் இருந்தது.

"ஆமா அண்ணாச்சி" என்றாள்.

உபதேசியாரின் முகம் செத்துவிட்டது. "அப்ப நாந்தான் விட்டிருக்கேன். பட்டாசு விபத்துல எங்க சபையில மூணு பேரு போயிட்டாக. ஆண்டவர் சொன்ன வாக்கு எங்க போச்சுன்னு சனம் கேட்டுச்சு. ஆபிரகாமுக்குச் சொன்னதைக் கண்ணால பாக்காமலே எத்தனையோ பேரு செத்தாக, ஆனாலும் வாக்கு அறுந்துபோகலைன்னு காட்டத்தான் இதைக் கேட்டேன். என் கையாலயே அறுத்து வச்சிருக்கேனே."

தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லி இருவரையும் கும்பிட்டார். அவளையும்தான். அவர் படியிறங்குகிற வரைக்கும் பர்ஹத் கீபோர்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அன்று விருதுநகர் வீட்டில் தொழுகையில் உட்கார்ந்தாள். இப்ராஹிம் நபிக்கும் அவர் கிளையாருக்கும் அருள் கேட்கிற இடம் வந்தது. நாள் தவறாமல் ஓதிய வார்த்தைதான். கிளையார் என்றால் யார் யார் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் அழித்த ஆசோரும் அந்தக் கிளையில் வந்தவன்தானே. நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. கேட்பதற்கு ஆளில்லாத ஒருவனாகப் பார்த்து அழித்தோம், பழியையும் எதிர்த்துப் பேசத் தெரியாத ஒருவர் தலையில் போட்டோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த உபதேசியாரின் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆமத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஆராதனை முடிந்த கோயிலில் உபதேசியாரும் அவர் மனைவி பாக்கியத்தாயும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே பேனாவால் ஆசோர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க விடலைய்யா. இடம் பத்தலைன்னு நாந்தான் எடுத்தேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

உபதேசியார் காகிதத்தை வாங்கி, தன் எழுத்தில் இருந்த ஆசோரை விரலால் தொட்டுப் பார்த்தார். பாக்கியத்தாய்தான் பேசினாள்.

"நாலு நாளா இவுக ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கலை. தெரியுமா?"

"நாளைக்கு மொதலாளிகிட்டயும் சொல்லிர்றேன்" என்றாள் பர்ஹத். வேலை போனாலும் போகட்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

உபதேசியார் ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "இன்னும் நூறு தாளு கிடக்கும்மா. எழுதுறியா?"

திட்டுவார் என்றுதான் வந்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். குனிந்து எழுதத் தொடங்கினாள். நாலாவது தாளில் கண்ணீர் விழுந்து மை கலங்கியது. அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

பாக்கியத்தாய் மூன்று டம்ளரில் டீ கொண்டு வந்தாள். பர்ஹத்தின் முன்னாலும் ஒன்றை வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். அதை எடுத்துக் குடிக்க பர்ஹத்துக்கு நெடுநேரம் கை வரவில்லை.