சிங்கக் குழாய் எங்கே போனது?

கல்யாணமாகி இந்த நகரத்துக்கு வந்து எட்டு மாதமாகியும் எனக்குத் தெரிந்தது குடியிருப்பின் லிஃப்ட், எதிர் மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். வேலையும் வீட்டிலிருந்தே. வெளியே போனால் கணவர் முன்னால் நடப்பார். அவர் முதுகைப் பார்த்தபடியே ஊரைச் சுற்றியிருக்கிறேன். இது சரிப்படாது என்று போனில் ஒரு விளையாட்டை வாங்கினேன். பத்துக் குறிப்புகள். ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்குப் போகச் சொல்லும். அங்கே பார்த்து விடையைத் தட்டினால்தான் அடுத்தது திறக்கும். வழிகாட்டி கிடையாது. நம் கால், நம் கண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு வேலை இருந்தது. அவருடைய அக்கா கூட வருவதாகச் சொன்னார். நாத்தனார் பதினோரு வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அவரை அழைத்துப்போவது விடைத்தாளோடு பரீட்சைக்குப் போகிற மாதிரி. அதனால் நானாகக் கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சம்மதித்தார்.

முதல் ஐந்தை மளமளவென்று முடித்தேன். நடுவில் ஒருமுறை தப்பான சந்தில் திரும்பியபோது பின்னால் ஒரு செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாத்தனார் ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிவாதமாக அந்தச் சந்திலேயே போய், சுவரில் முட்டி நின்று, நானே திரும்பி வந்தேன்.

ஆறாவது, துணிக்கடைத் தெருவில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் முகத்துக்கு எத்தனை பல் என்று கேட்டது. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த முகம் ஒன்று இளித்துக்கொண்டிருந்தது. நான்கு பல். நாத்தனார் அண்ணாந்து நின்றவர் நகரவே இல்லை.

"மாசாமாசம் இந்தத் தெருவுக்கு வரேன். ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்ல," என்றார். மீட்டர் எல்லாம் தரையில்தானே இருக்கிறது.

ஏழாவதில் மாட்டிக்கொண்டோம். சதுக்கத்து மூலையில் உள்ள சிங்கக் குழாயின், அதாவது சிங்க வாயிலிருந்து தண்ணீர் வரும் பழைய தெருக்குழாயின், அடியில் பொறித்த வருடம் வேண்டுமாம். மூலையில் புது பெஞ்சுகளும் பூத்தொட்டிகளும்தான் இருந்தன. அதே விளையாட்டை ஆடிவந்த ஒரு குடும்பம் பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரமாகத் தேடுகிறோம், எல்லாம் ஏமாற்று வேலை என்றார் அந்த அப்பா.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தேன். பழைய கற்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் வட்டமாகப் புது சிமெண்ட். இங்கே இருந்ததைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்பது நின்று பார்த்துத் தெரிகிற விஷயமில்லை. கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"அக்கா, இங்க இருந்த குழாயை எங்க வச்சிருக்காங்க?"

"அப்பாடா, கேட்டியே. நூலகத்துக்குப் பின்னாடி. குழாயோட மீட்டரும் அங்கயே போயிடுச்சு. போன வாரம்கூடப் பார்த்தேன்."

"அதுல வருஷம் போட்டிருக்கா?"

"நான் சிங்கத்தை எங்க பார்த்தேன்? மீட்டரைத்தான் பார்த்தேன்."

நூலகத்தை மூன்றாவது குறிப்பிலேயே கடந்திருந்தேன். குறுக்குவழியும் மனதில் இருந்தது. நான் முன்னால் நடக்க, அந்தக் குடும்பமும் நாத்தனாரும் பின்னால் வந்தார்கள். மரத்தடியில் பாசி பிடித்துக் கிடந்தது சிங்கம். சாவியால் சுரண்டினேன். 1908. தட்டியதும் எட்டாவது திறந்தது. அந்த அப்பா தன் பிள்ளைகளிடம், ஏமாற்று வேலை என்று தான் சொல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குள் பத்தும் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் சிங்கம் இடம் மாறியதை விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். இரண்டு நாளில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. துறைமுகப் பக்கம் புதிதாக ஒரு விளையாட்டு வழி தயாராகிறது, வெளியிடும் முன் நடந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இருவர் வருகிறோம் என்று எழுதிவிட்டுத்தான் நாத்தனாரிடம் சொன்னேன்.

"அந்தப் பக்கம் எனக்கு ஒரு தெருவும் தெரியாதே," என்றார்.

"எனக்கும்தான். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குத் தயாரா இருங்க."