சுவரா, தூணா?

காலையிலிருந்து கீழே இடித்துக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்துக் கடையைப் பெரிதாக்குகிறார்கள் என்று தெரிந்திருந்ததால், முதல் மாடியில் குடியிருந்த தையல்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த துணிமேல் பொடிப்பொடியாகப் பூச்சு உதிர்ந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மூலையில், கூரையை ஒட்டி, சாய்வாக ஒரு விரிசல். காலையில் அது இல்லை.

அவளுடைய அக்கா கட்டட இன்ஜினியர். உடனே போன் போட்டாள்.

"அக்கா, சுவர் விரிஞ்சிருக்கு."

"சுவர்லயா, பீம்லயா?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் சுவர்தானே!"

"பதறாம கேளு. கதவுக்கு மேல குறுக்கா ஒரு கட்டை மாதிரி போட்டிருப்பாங்க, அது லிண்டல். அந்த வாசலுக்கு மேல இருக்கிற செங்கல்லை மட்டும்தான் தாங்கும். அங்க விரிஞ்சா அவ்வளவு பயமில்ல. கூரைக்கு அடியில தடியா, ஒரு தூண்லேருந்து இன்னொரு தூணுக்குப் போகுதே, அதுதான் பீம். மேல இருக்கிற பாரமெல்லாம் பீமுக்கு வந்து, தூண்ல இறங்கி, மண்ணுக்குப் போகும். நடுவுல இருக்கிற சுவர் வெறும் மறைப்பு. இப்ப பார்த்துச் சொல்லு."

அவள் பார்த்தாள்.

"பீமும் தூணும் சேர்ற இடத்துல."

"முடி மாதிரி மெலிசா இருக்கா? பூச்சு மட்டும் விட்டிருந்தா அப்படித்தான் இருக்கும்."

ஸ்டூலில் ஏறித் தொட்டாள். "விரல் நுனி உள்ள போகுதுக்கா."

போனில் அக்கா செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"கீழ எதை இடிக்கிறாங்க?"

"நடுவுல ஒரு சுவராம்."

"செங்கல் வந்தா சுவர். கம்பி தெரிஞ்சா தூண். எதுவா இருந்தாலும் முதல்ல நிறுத்தச் சொல்லு. உன் மாமனாரைக் கூட்டிக்கிட்டு வெளிய வா. நான் கிளம்பிட்டேன்."

ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்கக் கத்தினாள். "அண்ணே! இடிக்காதீங்க! உள்ள கம்பி தெரியுதா?"

சம்மட்டிச் சத்தம் நின்றது. "தெரியுதும்மா! அதைத்தான் அறுக்கப் போறோம்!"

"அறுக்காதீங்க! அது சுவர் இல்ல, தூண்! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

அவள் சொல்லி முடிக்கும்முன் சுவருக்குள் ஏதோ படீரென்று முறிந்தது. உள்ளறையில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளினாள். நிலைச்சட்டம் கோணிக்கொண்டதில் கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள், கூப்பிட்டாள், அழுதாள். காது மந்தமான மனிதருக்கு எதுவும் கேட்கவில்லை. அவரை விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு கணம் கால்கள் வாசல் பக்கம் திரும்பியதை அவளே பார்த்தாள்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். கீழே சம்மட்டி பிடித்திருந்த ஆள், கடப்பாரையோடு மேலே வந்துவிட்டார்.

"நகரும்மா!"

கதவு பிளந்தது. மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "யாருப்பா நீ? எதுக்குக் கதவை உடைக்கிற?"

"மாமா, வீடு இறங்குது, வாங்க!"

"அதுக்கு? பல்செட்டு இல்லாம தெருவுக்கு வர மாட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆள் அவரை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். படிக்கட்டில் பூச்சு பாளம் பாளமாக விழ, மூவரும் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்கா வந்ததும் இரும்பு ஜாக்கிகளை வரவழைத்து, கீழ்த்தளத்துப் பீமுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்தாள். வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"நின்னுடும். ஆனா தூணைச் சரிபண்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

சம்மட்டிக்காரர் எதிர்ப்பக்க நடைபாதையில், மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மேஸ்திரி சுவர்னுதாம்மா சொன்னாரு. கம்பியைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. கேட்கத் தோணல."

தையல்காரிக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது. விழப்போகிற வீட்டுக்குள் ஏறி வந்த மனிதரை எப்படித் திட்டுவது? தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

தெருவில் ஒரு லாரி கடந்தது. தரை லேசாக அதிர்ந்தது. மூவரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள்.