தாவரம் அவருக்கு, ஜங்கமம் எங்களுக்கு

மாலைச் சட்ட வகுப்பில் சொத்தை இரண்டாகப் பிரிக்க மறுபடியும் சொல்லிக்கொடுத்த அதே வாரம், எங்கள் அரவைக் கடையை இரண்டாகப் பிரிக்க ஆள் வந்துவிட்டார்.

வந்தவர் கட்டடக்காரரின் மகன். கடை இருப்பது அவர்கள் கட்டடத்தில். உள்ளே மாவு அரைக்கும் மெஷின் அம்மா வாங்கிப் போட்டது. பெரியவர் போன வருடம் காலமான பிறகு கட்டடம் மகன் கைக்கு வந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகுவதால், எதிர்ச்சாரியில் ஒரு புதிய இடத்தைப் பேசி முடித்திருந்தாள் அம்மா. மெஷினைத் தெருவின் குறுக்கே கொண்டுபோவது ஒன்றுதான் பாக்கி.

"நீங்க காலி பண்றதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா மெஷின் இங்கயேதான் இருக்கும்" என்றார் மகன்.

"ஏன் தம்பி, அதுக்குக் கால் வலிக்குதா?" என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. "இடம் குடுக்கும்போது அப்பா என்ன சொன்னாரு? தாவரம் எங்களுக்கு, ஜங்கமம் உங்களுக்கு. நானும் பக்கத்துலதான் நின்னேன். ஜங்கமம்னா அசையறது. இது தரையில போல்ட் போட்டு நிக்குது. அசையாது. அப்போ உங்களுது இல்ல."

ஓடுகிற கடையாகவே வேறொருவருக்கு வாடகைக்கு விட அவர் கணக்குப் போட்டிருப்பது புரிந்தது. மெஷின் இல்லாமல் போனால் எதிர்ச்சாரியில் எங்களுக்கு இருப்பது நான்கு சுவரும் ஒரு விளக்கும்தான். இன்னொரு மெஷின் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். எதையும் எழுதி வைப்பதால் வீட்டில் என் பெயர் நோட்டு. "நோட்டு, நீதானே சட்டம் படிக்கிற? சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"நல்லாப் படிச்சுட்டே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மகன். மெஷின் ஓட்டும் அண்ணன், எல்லாருக்கும் பெல்ட் அண்ணன், தலையில் அடித்துக்கொண்டார். "வாய்தா வாங்க மட்டும் கத்துக்கிட்டியாம்மா?"

அவர் கேலியில் நியாயம் இருந்தது. போன தேர்வில் 'அசையும் சொத்து' என்ற தலைப்பின் கீழ் நான் கதவைச் சேர்த்திருந்தேன். தினமும் பத்து முறை திறந்து மூடுகிற கதவு அசையாமல் வேறு எது அசையும் என்று நினைத்தேன். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, 'கதவு வீட்டோடு சேர்ந்தது' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கதவிலேயே சறுக்கியவள் மெஷினைப் பற்றி என்ன பேசுவது?

வகுப்பு முடிந்து வந்ததும், சாப்பிட உட்காரும் முன் அம்மாவிடம் கேட்டேன். "தாவரம் எங்களுக்குன்னு பெரியவர் சொன்னப்ப நீ என்ன நெனச்ச?"

"செடி கொடின்னு நெனச்சேன். வேற என்ன?"

எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. கடைக்குப் பின்னால் இருக்கும் எலுமிச்சை மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அம்மாதான். ஆனால் ஒரு பழம் வேண்டுமென்றாலும் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, ரெண்டு பழம் பறிச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பறிப்பாள். நட்டவளுக்கு எதற்கு இந்தப் பணிவு என்று சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"அம்மா, அது செடி கொடி இல்ல. தாவரம்னா பழைய வழக்குல இருந்த இடத்துலயே இருக்கறது. நிலம், வீடு, கிணறு. ஜங்கமம்னா இடம் விட்டு இடம் போறது. தட்டுமுட்டுச் சாமான்லேர்ந்து ஆடு மாடு வரைக்கும் எல்லாம் அதுல வரும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தனை வருஷமா நான் எதுக்குடி அந்தக் கதவத் தட்டினேன்?"

"மரமும் மண்ணுல வேர் விட்டதுதானே. அந்தக் கணக்குலயும் அது அவருதுதான்."

"பாத்தியா!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "தப்பாப் புரிஞ்சுக்கிட்டும் சரியாத்தான் நடந்திருக்கேன். நீ சரியாப் படிச்சுட்டுத் தப்பா எழுதற."

சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தேன். படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிற கதவு ஏன் அசையாச் சொத்து? அதை மாட்டியது வீட்டுக்காக. அப்படியானால் மெஷினுக்குப் போட்ட போல்ட் யாருக்காக? சிவப்பு மை விழுந்த அந்த இடமே எனக்குப் பிடிமானம் என்று அப்போது தோன்றியது. சரியாக இருக்குமா என்று திருப்பித் திருப்பி யோசித்தேன். அசைத்துப் பார்த்தும் அது ஆடவில்லை.

மறுநாள் காலை மகன் படியேறிய உடனே அம்மா ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் உறுமியது. அரிசி கொட்டும் மேல்தொட்டி குலுங்கியது, அலமாரி டப்பாக்கள் கிடுகிடுத்தன, மகன் சட்டைப்பையில் இருந்த பேனாகூடத் துள்ளியது.

"இப்போ சொல்லு தம்பி, இது அசையலன்னு!" என்று கத்தினாள் அம்மா.

"ஆடறது வேற, அசையறது வேறக்கா!" என்று அவரும் கத்தினார். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் ஸ்விட்சை அணைத்தேன். "அண்ணே, உங்க வீட்டுக் கதவு அசையுமா?"

"அசையாம? தெறந்து மூடறோமே."

"உங்க வீட்டுல குடியிருக்கறவங்க காலி பண்ணும்போது அதைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாமா?"

"அதெப்படி? கதவு வீட்டோடதாச்சே."

"அப்போ அசையுதா இல்லையாங்கறது மட்டும் கேள்வி இல்ல. எதுக்காக மாட்டினோம்னு பாக்கணும். கதவ மாட்டினது வீட்டுக்காக. இந்த போல்ட்டப் போட்டது கட்டடத்துக்காகவா? மெஷினுக்காக. போல்ட் இல்லன்னா ஓடும்போது மெஷின் வாசலுக்கு நடந்து போயிடும்."

"ஒரு தடவ போச்சு" என்றார் பெல்ட் அண்ணன். "நட்டு கழண்டு, அரிசியும் கையுமா நின்ன அம்மாவத் தேடிக்கிட்டே போச்சு. அன்னிக்கு நீங்க பாத்திருந்தா ஜங்கமம்னு கையெழுத்தே போட்டிருப்பீங்க."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியை மட்டும் சொன்னால் மீதிப் பாதி இரவில் வந்து என்னைக் கேள்வி கேட்கும். "அதே கணக்குல மெஷின் நிக்கற சிமென்ட் மேடை உங்களுது. சுவத்துல பதிச்ச பரண் உங்களுது. பின்னால இருக்கற எலுமிச்ச மரமும் உங்களுது."

"அடியே, நீ யார் பக்கம்டி?" என்றாள் அம்மா. "அந்தப் பரணுக்கு நான் தேடித் தேடிப் பலகை வாங்கினேன்!"

மகன் மரம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எலுமிச்சயா? நீங்க பழம் கேட்டு வருவீங்க. நான்தான் கதவத் தெறப்பேன். அப்பா உள்ளேர்ந்து, 'நட்டது அந்தம்மா, கேக்கறதும் அந்தம்மாவா'ன்னு சிரிப்பாரு."

"ஐயா எது தனக்குன்னு சொன்னாரோ அதக் கேக்காம தொட்டதில்ல தம்பி" என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. "அதே ஐயா இந்த மெஷின்ல மாவு அரைக்க வரும்போது வரிசையில நின்னுதான் அரைச்சாரு. எது யாருதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சந்தேகமே வந்ததில்ல."

அவர் கடைக் கதவைப் பிடித்து ஒருமுறை திறந்தார், மூடினார். திரும்பவும் திறந்தார். கதவில் என்ன படித்தாரோ தெரியவில்லை.

"எடுத்துக்கங்கக்கா. மேடைய மட்டும் உடைக்காதீங்க."

"உடைச்சா என் பொண்ணே உங்களுக்குச் சாட்சி சொல்லுவா" என்றாள் அம்மா.

மூன்று போல்ட்டுகள் சொன்னபடி கேட்டு வந்தன. நான்காவது துருவேறி அடம்பிடித்தது. பெல்ட் அண்ணன் அதற்கு மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். மகனும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தார். அது விட்டுக்கொடுத்ததும் மெஷினை இரும்புக் குழாய்களின் மேல் ஏற்றி உருட்டினோம். தெருவில் போன வண்டிகள் எல்லாம் நின்று வழிவிட்டன. 'அசையும் சொத்து' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது கண்ணெதிரே தெருவைக் கடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும் நேரத்தில் அம்மாவைக் காணவில்லை. கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் நின்று முந்தானை நிறையப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை.

"அம்மா, மரம் அவங்களுதுன்னு சொன்னேனே!"

பின்னாலேயே வந்துவிட்ட மகனை அம்மா பார்த்தாள், முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

"மரம் உங்களுதுதான் தம்பி, அங்கயே நிக்கட்டும். பழம் பறிச்சாச்சு. இது இப்போ ஜங்கமம்."

மகன் என்னைப் பார்த்தார், தீர்ப்புக்காக. நான் சாவியை அவர் கையில் வைத்தேன்.