பதினேழு படி வீட்டுக்கு ஒரு புரோக்கர்

முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் மண்டியிட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவன் நான். என் முட்டிதான் முதலில் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். போனது என் மனைவியின் முட்டி. காரணம் நான் கட்டிய மாடிப்படி.

இந்த வீடு எங்கள் கையால் எழும்பியது. விடுமுறை நாட்களில் நான் சுவர் வைப்பேன், அவள் கலவை குழைப்பாள். இடம் சின்னது. சமையலறைக்கு இன்னும் ரெண்டடி கிடைக்கட்டுமே என்று படியை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டேன். படுக்கையறையும் குளியலறையும் மேலே. நடுவில் பதினேழு படி.

“நீங்க படியா கட்டினீங்க? ஏணியைச் சாத்தி சிமெண்ட் பூசிட்டீங்க” என்பாள்.

மகள் இருக்கும் தெருவில், கீழ்த்தளத்திலேயே எல்லாம் அமைந்த வீடு ஒன்று விலைக்கு வந்தது. எங்களுக்காக ரெண்டு மாதம் பொறுப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். அதற்குள் இதை விற்றாக வேண்டும்.

முதலில் ஒரு புரோக்கர் வந்தார். ஆள் வருவதற்கு முன்னால் சென்ட் வாசனை வந்துவிட்டதால் அவருக்கு எங்கள் வீட்டில் சென்ட்டுக்காரர் என்றே பெயர். கூடத்தில் நின்றபடி குனிந்து பார்த்தார்.

“தரையா இது? கண்ணாடிண்ணே! யார் கை வேலை?”

“என்னுதுதான்.”

“அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்ணே.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனுஷன் மாடி ஏறிப் பார்க்கவே இல்லை என்பது உறைக்கவில்லை.

மறுநாள் இன்னொரு புரோக்கர், ஒரு பெண், ஸ்கூட்டரில் வந்தாள். மேலே போனாள், இறங்கினாள், டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். பேனாவின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தவள் ஜன்னலோரம் நின்றாள்.

“அண்ணா, இந்த ஒரு டைல் மட்டும் பொக்குன்னு சத்தம் போடுது. அடியில கலவை பிடிக்கலை.”

சுருக்கென்றது. காய்ச்சலோடு ஒட்டிய டைல் அது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

“படியும் ரொம்ப செங்குத்து. வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்காரங்களுக்கும் நான் இதைக் காட்ட மாட்டேன். இதுக்குன்னு ஒருத்தர் இருப்பாங்க. தேடணும்.”

அவள் போனதும் நான் குதித்தேன். “வீடு பார்க்க வந்தாளா, குத்தம் பார்க்க வந்தாளா?”

“அவளாவது மாடி வரைக்கும் ஏறினா. அந்த ஆளு உங்க தலையிலதான் ஏறினாரு” என்றாள் மனைவி.

கேட்டேனா? சென்ட்டுக்காரருக்கே வாக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் ஓடியது. வந்தவர்களில் பாதிப் பேர் படியை அண்ணாந்து பார்த்துவிட்டே திரும்பினார்கள். கடைசியாக வயதான கணவன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்தம்மா ஆறாவது படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

“சும்மா ஏறுங்கம்மா, பஞ்சு மாதிரி இருக்கும்” என்றார் சென்ட்டுக்காரர்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “வேணாம்மா, இறங்கிடுங்க. என் வீட்டுக்காரி முட்டி இதுலதான் போச்சு.”

அவர்கள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சென்ட்டுக்காரர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அண்ணே, நான் வீட்டை விக்கப் பார்க்கிறேன், நீங்க ஆளை விரட்டுறீங்க. ஆளை விடுங்க சாமி!”

சமையலறைக்குள் ஒரே சிரிப்பு. மனைவி மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் மூடியில் அந்த ஸ்கூட்டர் பெண்ணின் நம்பர் ஒட்டியிருந்தது.

வெட்கத்தை விட்டு போன் போட்டேன். நடந்ததைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

“வரேன்ணா. ஒரே ஒரு கண்டிஷன். ஆளுங்க வரும்போது நீங்க வீட்ல இருக்கணும்.”

“இருக்கக் கூடாதுன்னுதானே சொல்லணும்?”

“இருக்கணும். கட்டினவர் வாயாலயே குறையைக் கேட்டாதான் மிச்சத்தை நம்புவாங்க.”

அதன் பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் பழக்கும் டீச்சர் ஒருத்தரையும் அவர் கணவரையும் கூட்டிவந்தாள். டீச்சர் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய்விட்டார். கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார்.

அவர்கள் இறங்கி வந்ததும் நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். படி செங்குத்து, டைல் பொக்கு, மழை பெய்தால் பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறும்.

“எல்லாத்தையும் இவங்க வழியிலயே சொல்லிட்டாங்க” என்றார் டீச்சர். “நீங்க எதை மறைக்கிறீங்கன்னு பார்க்கத்தான் சும்மா கேட்டுக்கிட்டிருந்தோம். நாங்க எடுத்துக்கிறோம்.”

“எனக்கும் உடம்பு குறையும்” என்றார் கணவர், இன்னும் மூச்சு வாங்கியபடி.

அவர்கள் வண்டி நகர்வதற்குள் மனைவி மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

“அந்த வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடு, நாங்க வரோம். ஆமாடி, வித்தாச்சு! உங்கப்பா வந்த ஆளை வாயாலதான் விரட்டினாரு. கடைசியில அந்த வாயாலதான் வித்தாரு.”